எது களவு?

‘கள்ள’ என்பதை ஒரு சொல்லுக்கு முன்னால் சேர்த்துவிட்டால் அந்தச் சொல் குற்றவாளி ஆகிவிடுகிறது. கள்ளநோட்டு, கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை, கள்ள ஓட்டு, கள்ளக்காதல். இந்த வரிசையை மாணவிகளிடம் சொல்லி, இவற்றில் எது இன்று சட்டப்படி குற்றமில்லை என்று கேட்பது என் வழக்கம். கடைசிச் சொல்லைச் சுட்டிக்காட்டுகிறவர்கள் குறைவு.

திருமணத்துக்கு வெளியேயான உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விவாகரத்துக்கு அது இன்னும் ஒரு காரணம்தான்; ஆனால் குற்றமில்லை. இருந்த காலத்திலும் அந்தப் பிரிவு மனைவியைத் தண்டிக்கவில்லை. அவளுடைய கணவனின் சம்மதம் இல்லாமல் அவளோடு உறவுகொண்ட ஆணைத்தான் தண்டித்தது. ஒருவனின் உடைமையை இன்னொருவன் எடுத்துக்கொண்டான் என்பதே அதன் கணக்கு. சட்டம் போய்விட்டது. நாளிதழ்களில் சொல் இருக்கிறது. ஆணுக்கும் ‘கள்ளக்காதலன்’ என்ற பெயர் உண்டு என்றாலும், ஊர் பேசத் தொடங்கினால் அது ஒட்டிக்கொள்வது அவள்மேல்தான்.

இனி வேறொரு கொடுக்கல் வாங்கலைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டின் சட்டப்படி வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். இப்போது குறைந்தபட்சத் தண்டனை ஐந்து ஆண்டுச் சிறை. ஆனாலும் ‘கள்ளச்சீர்’ என்று ஒரு சொல் நம்மிடம் இல்லை. இருப்பவை எல்லாம் மங்கலமான சொற்கள்: சீர், செய்முறை, நகை போடுவது. “நாங்க எதுவும் கேக்கல, உங்க பொண்ணுக்கு நீங்க செய்றதச் செய்யுங்க.” மரியாதையான பேச்சாகத் தோன்றும் இந்த வாக்கியம் சட்டத்தின் இடுக்கில் கச்சிதமாகப் பொருந்துகிறது. கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்புகளைப் பட்டியல் எழுதி வைத்தால் அவற்றுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்காததுபோல் கேட்க ஒரு மொழி தேவைப்பட்டது. அதை நாம் நன்றாகவே உருவாக்கிக்கொண்டோம். எத்தனை பவுன் என்பது ‘பேசி முடிக்க’ப்படுகிறது. யாரைப் பற்றிய பேச்சோ அவள் அப்போது அடுக்களையில் காபி ஆற்றிக்கொண்டிருக்கிறாள்.

லஞ்சத்துக்கு வழங்கும் சொற்களும் இப்படித்தான். ‘மாமூல்’ அரபியிலிருந்து வந்த சொல். வழக்கமானது என்று பொருள். தவறு வழக்கமாகிவிட்டால் வழக்கம் என்பதே அதன் பெயர். ‘கவனிக்கணும்’ என்கிறார்கள், குழந்தையையும் நோயாளியையும் பார்த்துக்கொள்வதற்கு நாம் வைத்திருந்த சொல் அது. எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ‘சந்தோஷமாக் கொடுங்க’ என்பார்கள். ஆண் குழந்தைக்கு ஒரு தொகை, பெண் குழந்தைக்கு அதைவிடக் குறைவு. பிறந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் அவளுக்கு முதல் தள்ளுபடி விலை விழுந்துவிடுகிறது. சந்தோஷம் என்ற சொல்லுக்குள் இதுவும் அடக்கம்.

மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. அத்துறைக்கு வரும் பெண்களுக்கு அறிமுகமாகும் இரண்டு சொற்களாக அது குறிப்பிட்டவை ‘காம்ப்ரமைஸ்’, ‘அட்ஜஸ்ட்மென்ட்’. தமிழிலும் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா’ என்பது நமக்குப் புதிதல்ல. பேருந்தில் இடம் கொடுக்கவும் அதே சொல், புகுந்த வீட்டில் வாயை மூடிக்கொள்ளவும் அதே சொல், வேலைக்கு ஈடாக உடலைக் கேட்கவும் அதே சொல். பழகிய சொல்லில் கேட்டால் மறுப்பவள்தான் பழகத் தெரியாதவள் ஆகிறாள்.

ஆக, இருட்டையும் வெளிச்சத்தையும் சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது சட்டம் அல்ல. ஆதாயம் யாருக்கு என்பதை வைத்தே பங்கீடு நடக்கிறது. குடும்பத்துக்கும் அலுவலகத்துக்கும் லாபம் தரும் சட்ட மீறலுக்கு இனிப்பான பெயர். ஒரு பெண் தன் விருப்பத்தில் மறைத்து வைத்ததற்குக் கள்ளப் பெயர்.

அப்படியானால் சிறுவாடு என்ன? வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, அரிசிப் பானையிலும் கடுகு டப்பாவிலும் பெண்கள் சேர்த்த காசு. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது, கறுப்புப் பணத்துக்கு விரித்த வலையில் இந்தக் காசும் சிக்கியது. இல்லத்தரசிகள் வங்கியில் போடும் இரண்டரை லட்சம் வரையிலான பணத்தைப் பற்றிக் கேள்வி கேட்கமாட்டோம் என்று அரசு சொன்னது. வீட்டில் அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ‘எனக்குத் தெரியாம இவ்வளவு வச்சிருந்தியா’ என்ற கேள்விக்கு எத்தனையோ பெண்கள் பதில் சொல்ல நேர்ந்தது. சம்பளமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தவள் அன்று திருடிபோல் நின்றாள்.

ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: “கணவனிடம் மறைப்பது ஏமாற்றுதானே? குடும்பத்துக்காகத்தான் லஞ்சம் வாங்குகிறேன் என்று ஓர் அதிகாரியும் சொல்லலாமே?” நியாயமான கேள்வி. பெண் மறைத்தாள் என்பதாலேயே ஒரு செயல் சரியாகிவிடாது. நான் இரண்டைக் கேட்டுப் பார்ப்பேன். இந்த ரகசியத்தின் விலையைக் கொடுப்பது யார்? வெளியே தெரிந்தால் தண்டனையைச் சுமப்பது யார்? லஞ்சத்தின் விலையைக் கொடுப்பவர் ஆதாயம் பெறாத மூன்றாமவர். வாங்கியவரோ பெரும்பாலும் தப்பிவிடுகிறார். சிறுவாட்டின் விலையைக் கொடுத்தது அவளுடைய வயிறும் புடவையும். பிடிபட்டால் அடி வாங்குவதும் அவளே. வலியவரின் ரகசியம் அவருக்குப் போர்வை. எளியவரின் ரகசியம் அவருக்குக் கூரை.

இந்த அளவுகோல் பெண்களையும் விட்டுவைக்காது. பவுன் பேரத்தில் முன்னால் உட்காரும் மாமியாரும் அதில் அகப்படுவார். இன்னும் சிக்கலான கணக்கு என் அம்மாவுடையது. பல ஆண்டுகள் அவர் சேர்த்த சிறுவாடு கடைசியில் என் அக்காவின் கல்யாணத்தில் மூன்று பவுன் சங்கிலியாகப் போனது. யாருக்கும் தெரியாமல் சேர்த்த சுதந்திரம், எல்லோரும் பார்க்க, சட்ட விரோதமான ஒரு பேரத்துக்குள் கரைந்தது. அந்தச் சங்கிலியைத்தான் ஊர் பாராட்டியது. அம்மா சேர்த்தது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. தனக்கென்று செலவழிக்கும் உரிமை இல்லாதபோது, ஒளித்து வைத்த காசுகூடத் தனக்கென்று இருப்பதில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும்.

களவு என்ற சொல் எப்போதும் இழிவாக இருந்ததில்லை. தொல்காப்பியத்தில் களவியல் ஓர் இயல். மணத்துக்கு முந்தைய மறைவான காதலுக்கு அது இலக்கணம் சொல்கிறது. ஆனாலும் பழமையைப் பார்த்து நாம் மயங்க வேண்டாம். குறுந்தொகையில் கபிலர் பாடிய பெண் ஒருத்தி, அவன் சொன்ன வாக்கை மறுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று தவிக்கிறாள். அங்கே இருந்த சாட்சி மீனுக்காகக் காத்திருந்த குருகு மட்டுமே. அவனைத்தான் கள்வன் என்கிறாள். ரகசியம் இருவருக்கும் பொது, ஆபத்து ஒருத்திக்கு மட்டும் என்பதைக் கண்டுகொண்டவள் அவள். கள்ளப் பெயரை வைக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.

நாமும் அதைச் செய்யலாம். ‘செய்றதச் செய்யுங்க’ என்றால் அது வரதட்சணை என்று அந்தக் கூடத்திலேயே சொல்லலாம். ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்றால் பாலியல் சுரண்டல் என்று எழுதலாம். ‘கள்ளக்காதல்’ என்று வரும் செய்தியை ‘உறவு’ என்று திருத்தி வாசிக்கலாம். சிறுவாட்டை மட்டும் நான் புகழ்ந்து பாடமாட்டேன். நம் பெயரில் கணக்கும், வருமானத்தில் பங்கும், எதற்குச் செலவழித்தாய் என்று கேட்கப்படாத வீடும் வேண்டும். அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இருக்காது.