ஆள் கேள், தாயி!

நாலு ஏக்கர் உளுந்துக்குக் களையெடுக்க ஒற்றை ஆளை அனுப்புகிற சம்சாரியை நம் கரிசக்காட்டில் நீ பார்த்திருக்கிறாயா? ஐப்பசி மழை விட்டு, களை தலைதூக்கியதும் அவன் முதல் வேலையாக ஊருக்குள் போய் ஆள் தேடுவான். இத்தனை ஏக்கருக்கு இத்தனை ஆள், இத்தனை நாளில் முடிய வேண்டும் என்கிற கணக்கு அவன் நுனிநாக்கில் நிற்கும். பதம் தவறினால் வெள்ளாமை போச்சு. "ஒருத்திதான் வந்தாள், ஆனாலும் சேவை மனப்பான்மையோடு களையெடுத்தாள்" என்று எந்தச் சம்சாரியும் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

உன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குரோஸ் கணக்கு வைத்தவள். ஒரு கட்டு குறைத்து எழுதினால் கணக்குப்பிள்ளையை விட்டாளா? அந்த வயிற்றில் பிறந்து, நர்சிங் படித்து, இன்று இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைகிற உன்னிடம்தான் கேட்கிறேன். நாற்பது நோயாளிக்கு நீ ஒருத்தியாக நிற்கும்போது மட்டும் அந்தக் கணக்கு எங்கே போகிறது?

வா, போட்டுப் பார்ப்போம். இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை 720 நிமிடம். நாற்பது பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 18 நிமிடம். ராத்திரி முழுக்க ஒரு மனித உயிருக்கு உன்னிடம் இருப்பது அவ்வளவுதான். காய்ச்சல் பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, ட்ரிப்ஸ் மாற்றுவது, ஊசி போடுவது, கேஸ் ஷீட் எழுதுவது, ஒவ்வொருவரைத் தொட்ட பிறகும் கை கழுவுவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நீ தண்ணீர் குடிக்கிற நேரத்தை நான் இன்னும் கழிக்கவில்லை.

இப்போது விளாத்திகுளம் பக்கத்திலிருந்து பாம்புக்கடி கேஸ் ஒன்று வருகிறது என்று வை. உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்து உறைந்ததா என்று பார்க்க வேண்டும். அந்தக் குழாய்க்கே இருபது நிமிடம்; உன் பங்கில் ஆளுக்குப் பதினெட்டு! விஷமுறிவு மருந்து ஏறும்போது உடம்பு தடிக்கிறதா, மூச்சு திணறுகிறதா, கண்ணிமை சரிகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும். அதே நேரத்தில் வார்டின் அந்தக் கோடியில் ஒரு பெரியவருக்கு நெஞ்சு அடைத்தால்? ஓடுவதற்கு உனக்கு இருப்பது இரண்டு கால்.

என் தகப்பனார் ஒரு மருத்துவமனையில் படுத்திருந்த ராத்திரிகளில் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண் நடக்கவில்லை, ஓடினாள். விடியற்காலையில் ஒரு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே ஒரு கணம் கண்ணயர்ந்தாள். அப்பாவின் ட்ரிப்ஸ் எப்போதோ தீர்ந்து, குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. நான் அவளைத் திட்டினேன். கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டாள். கேட்டிருக்க வேண்டியவன் நான். அந்த வார்டுக்கு அவள் ஒருத்தி போதும் என்று முடிவு செய்தவர்களிடம் போய் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது என்னை உறங்கவிடாமல் உறுத்துகிறது.

"நைட்டிங்கேல் அம்மையார் விளக்கேந்தி வந்தார், அவரைப் போலப் பொறுமையாக இரு" என்று உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பாதியைத்தான் சொன்னார்கள். 1854-இல் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போன அந்தப் பெண்மணி விளக்கோடு சேர்த்துக் கணக்கு நோட்டையும் தூக்கினார். எத்தனை பேர் காயத்தால் செத்தார்கள், எத்தனை பேர் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தார்கள் என்று எண்ணி, படமாக வரைந்து, அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர். நீ உறுதிமொழி எடுத்தபோது கையில் விளக்கைக் கொடுத்தார்களே, நோட்டை யார் கொடுப்பார்கள்? நீயே வாங்கிக்கொள்!

எண்ணும் உன் பக்கம்தான் நிற்கிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் என்ன? பொது வார்டில், போதனா மருத்துவமனை என்றால் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர். மற்ற மருத்துவமனை என்றால் ஐந்துக்கு ஒருவர். இது எல்லா ஷிப்டுக்கும் சேர்த்து. அதற்கு மேல் விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதல் ஆள். ஷிப்டுக்குப் பிரித்தால் ஒன்பது பேருக்கு ஒருவர், இல்லாவிட்டால் பதினைந்து பேருக்கு ஒருவர். நாற்பது கட்டிலுக்கு ஒருத்தி என்பது எந்த ஏட்டிலும் இல்லை. உன் மௌனத்தில்தான் இருக்கிறது.

2002-இல் லிண்டா எய்க்கன் என்ற நர்சிங் பேராசிரியர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அலசினார். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு முறையும், முப்பது நாளுக்குள் சாவு நேரும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. ஆகவே ஆள் கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைத்துக் கூசாதே. நாடி பார்ப்பது எப்படி உன் வேலையோ, ஆள் கேட்பதும் அப்படி உன் வேலை.

கலிபோர்னியாவில் அப்படிக் கேட்டார்கள். இத்தனை நோயாளிக்கு இத்தனை செவிலியர் என்ற சட்டம் 1999-இல் நிறைவேறி, 2004-இல் அமலுக்கு வந்தது. ஆறுக்கு ஒருவர் என்றிருந்ததை ஐந்துக்கு ஒருவர் ஆக்கும் கட்டத்தில், ஆளுநராக இருந்த நடிகர் ஆர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் அதைத் தள்ளிப்போட்டார். திரையில் எவராலும் வீழ்த்த முடியாத அந்த மனிதர் போகிற கூட்டமெல்லாம் செவிலியர்கள் பதாகையோடு போய் நின்றார்கள். 2005-இல் நீதிமன்றம் செவிலியர்கள் பக்கம் தீர்ப்பு சொன்னது.

அவ்வளவு தூரம் ஏன்? 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து எடுத்த நம் செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். 2017 நவம்பர் 27 அன்று சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தபோது தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. அந்தத் தொகை பிறகு 14,000 ஆனது. ஆனால் கொரோனாவில் உயிரைப் பணயம் வைத்த ஒப்பந்தச் செவிலியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடிக்கப்பட்டது. ஆள் பற்றாக்குறையையும் தற்காலிக வேலையையும் நான் ஒரே நோயாகத்தான் பார்க்கிறேன். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவள் "இந்த வார்டுக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும்" என்று எப்படி எழுதிக் கையெழுத்துப் போடுவாள்? அதனால்தான் தனியாகக் கேட்காதே என்கிறேன். பத்துப் பேராகக் கேள், சங்கமாகக் கேள்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தலைமை அரசு மருத்துவமனை நம் கோவில்பட்டியில் இருக்கிறது. கயத்தாறும் கழுகுமலையும் எட்டயபுரமும் அவசரத்துக்கு இங்கேதான் ஓடி வருகின்றன. அனுமதிக்கப்பட்ட செவிலியர் இடம் எத்தனை, காலி எத்தனை என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. அண்ணாச்சிமாரே, மதினிமாரே, பத்து ரூபாய் கட்டி அந்த மனுவை நீங்கள் போடுங்கள். வார்டில் சிஸ்டரிடம் கத்துகிற தொண்டையைக் கொஞ்சம் அங்கே பயன்படுத்துங்கள்.

தாயி, நரம்பே தட்டுப்படாத கிழவியின் கையில் ஒரே குத்தில் ஊசி ஏற்றுகிற விரல் உன்னுடையது. நள்ளிரவில் நின்றுபோன மூச்சை நெஞ்சில் அழுத்தித் திரும்பக் கொண்டுவந்த கை அது. ஒரு வரி எழுத அந்தக் கை நடுங்கலாமா? நாளைக் காலை டியூட்டி ஒப்படைக்கும்போது அந்த நோட்டைத் திற. தேதி போடு. 'நோயாளிகள் 40, செவிலியர் 1' என்று எழுது. கீழே உன் முழுப்பெயரைப் போட்டு, அடுத்த ஷிப்டுக்கு வருகிறவளிடம் பேனாவைக் கொடு.