சிலம்பின் பரல் யாது?



குற்ற வழக்குகளை மீண்டும் ஆராயும் ஆவணத் தொடர்கள் இன்று இல்லந்தோறும் பார்க்கப்படுகின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களிலும், மாலையுணவு முடிந்தபின் இவையே பேச்சாகின்றன. 2015ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'மேக்கிங் எ மர்டரர்' இவற்றுள் புகழ்பெற்றது. செய்யாத குற்றத்திற்காக 18 ஆண்டுகள் சிறையிலிருந்து, மரபணுச் சோதனையால் 2003இல் விடுதலையான ஒருவர், பின்னர் ஒரு கொலை வழக்கில் 2007இல் தண்டிக்கப்பட்டதை அது காட்டுகிறது. அதனைக் கண்டோர் பலர் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அத்துடன் நில்லாது, வேறு சிலரைக் கொலையாளி எனச் சுட்டியோரும் உளர். ஒரு பிழையைக் கண்டிக்கப் புகுந்து, அதே பிழையைச் செய்தல் தகுமா?

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தை நினைவுகூர்வோம். பாண்டியன் இட்ட ஆணையிலும், சிலம்பு கள்வன் கையில் இருக்குமாயின் என்றொரு நிபந்தனை இருந்தது. அதனை ஆராய்வார் இலர். கோவலனைக் கண்ட காவலர், இவன் கள்வனல்லன் என ஐயுற்றனர். உடனே பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்தான். காவலன் ஒருவனும் தான் கண்ட வேறொரு கள்வனின் கதையைச் சொன்னான். அவற்றுள் கோவலனுக்கு எதிரான சான்று ஒன்றேனும் இல்லை. ஆயினும் வாள் வீழ்ந்தது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பரல் யாது என்னும் ஒரு வினா கொலைக்குமுன் எழாது, பின்னரே எழுந்தது. வழித்துணையாய் வந்த நம் கவுந்தியடிகள், செய்தி கேட்டு உண்ணாநோன்பேற்று உயிர்துறந்தார்.

இது பழங்கதை மட்டுமன்று. 1944 நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரியில் 'இந்து நேசன்' இதழாசிரியர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். திரைக்கலைஞர்களின் அந்தரங்கத்தை அச்சிட்டு விற்ற இதழ் அது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945இல் ஆயுள் தண்டனை பெற்றனர். உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளிற்று. இலண்டன் பிரிவி கவுன்சில் மீண்டும் ஆராயப் பணித்தபின், 1947 ஏப்ரலில் அதே உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. சிறையில் கழிந்த ஈராண்டுகளை யார் மீட்டுத் தருவார்? பாகவதரின் பழைய புகழும் திரும்பவில்லை.

இல்லறத்தாரின் வாய்மை நோன்புக்குரிய குற்றங்களாகப் பிறர் மறையை வெளியிடல், கோட்சொல்லல், பொய்யாவணம் எழுதல் முதலியவற்றைச் சமந்தபத்திர ஆசாரியர் எண்ணிக் காட்டினார். அறிந்து சொல்லும் பொய் மட்டுமன்று, ஆராயாது பரப்பும் பழியும் நோன்பைக் குலைக்கும் என்பதே நாம் கொள்ளவேண்டிய கருத்து.

அநேகாந்தம் என்பது எல்லாம் உண்மையே என்று மழுப்புவதன்று. கொலை ஒருவரால் நிகழ்ந்ததே. அதனைச் செய்தவர் உளர். ஆயினும் நாம் கண்டது ஒரு பக்கமே என்று உணர்ந்து நாவை அடக்குவதே அதன் பயன். பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரில், சுமார் 12 கோடி ஆண்டுகள் பழமையான கல்மரம் கிடக்கிறது. பார்வைக்கு மரம், தொட்டால் கல். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கடற்சிப்பிகள் பதிந்துள்ளன. இன்று அங்கே கடலில்லை. கண்ணொன்றையே சான்றாகக் கொள்வோர் இவ்விரண்டிலும் ஏமாறுவர்.

வழக்குமன்றம் நமக்குத் தொலைவு. நம் இல்லமோ அண்மையது. ஒரு நகை காணாமற்போயின், நம் ஐயம் முதலில் யார்மீது செல்கிறது? வேலைக்கு வரும் ஏழைப் பெண்மீதன்றோ? பின்னர் அந்நகை அரிசிப் பானையிலோ தலையணையடியிலோ கிடைக்கும். நாம் மறந்துவிடுவோம், அவள் மறவாள். மாணவரின் பையைச் சோதிக்குமுன், பொருள் உண்மையிலேயே தொலைந்ததா என்று கேட்கப் பழகவேண்டும் என்பது ஆசிரியப் பணியில் நாம் கற்ற பாடம். அதுவே இல்லத்திற்கும் பொருந்தும்.

ஆகவே, தொடரைப் பார்ப்பினும் தீர்ப்பு வழங்காதிருப்போம். பழிச்சொல் நாவிற்கு வருமுன், சிலம்பின் பரல் யாதென்று ஒருமுறை கேட்போம்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!