கூட்டத்தை எண்ணியாயிற்று, அப்புறம்?

2025 ஜூலை 27. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாள். பிரதமர் வந்தார், இளையராஜாவின் இசை ஒலித்தது, ராஜேந்திர சோழன் நினைவு நாணயம் வெளியானது. மறுநாள் டீக்கடையில் எழுந்த முதல் கேள்வி, "என்னா கூட்டம் இருக்கும்?" ஒருவர் ஒரு கணக்குச் சொன்னார். அடுத்தவர் அதை இரண்டு மடங்காக்கினார். மூன்றாமவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் தமிழ்நாட்டில் பாதி அங்கே வந்து போயிருந்தது. "சரி, என்னா பிரயோசனம்?" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான்.

ஏன் வரவில்லை? கோயில் விழாவுக்குப் பலன் கேட்டால் தெய்வக்குற்றம் என்று பழக்கியிருக்கிறார்கள். அரசு விழாவுக்குப் பலன் கேட்டால் இனத்துரோகம் என்று நாமே பழகிக்கொண்டோம். உர மூட்டை வாங்கினால் எடை பார்க்கிறோம், சின்ன வெங்காயத்தை விற்றால் தராசு முள்ளையே முறைத்துப் பார்க்கிறோம். பண்பாடு என்று வந்துவிட்டால் மட்டும் தராசைப் பரண்மேல் போட்டுவிட வேண்டுமா?

அரியலூர், பெரம்பலூர் என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலும் வருடம் முழுக்க விழாதான். சிறுவாச்சூர் மதுரகாளிக்குக் கூட்டம், கல்லங்குறிச்சி கலியுக வரதராசருக்குத் தேர், வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியில் மாதா திருவிழா, நடுவில் புத்தகத் திருவிழா, பொங்கல் கலைநிகழ்ச்சி, ஆடியில் ராஜேந்திரன். ஓராண்டுப் பண்பாட்டு விழா என்று தனியாக யாரும் அறிவிக்கத் தேவையில்லை. ஆனால் பந்தல் பிரித்த ஒரு வருடம் கழித்து, அதே இடத்துக்கு நோட்டும் பேனாவுமாக யாராவது திரும்பி வந்து பார்த்திருக்கிறீர்களா?

லிவர்பூலில் வந்தார்கள். அந்தத் துறைமுக நகரம் 2008ஆம் ஆண்டு முழுக்க ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இருந்தது. அங்கே இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2005இலேயே கணக்கெடுப்பைத் தொடங்கிவிட்டன. 2010 வரை எடுத்தன. விழாவால் கூடுதலாக வந்த வருகைகள் 97 லட்சம், அதனால் நகரமும் சுற்றுப்புறமும் கண்ட வருமானம் 75 கோடி பவுண்டுக்கும் மேல். அந்தத் தொகையை நாம் பொறாமையோடு பார்ப்போம். எனக்குப் பொறாமை 2005 என்ற ஆண்டின் மேல்தான். கொட்டு முழக்கம் தொடங்க மூன்று வருடம் இருக்கும்போதே, "இப்போது எப்படி இருக்கிறோம்?" என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். நகரத்தின் நான்கு பகுதி மக்களிடம் போய், இது உங்களுக்கான விழாவா என்றும் விசாரித்தார்கள். முன்கணக்கு எடுக்காதவனுக்குப் பின்கணக்குச் சொல்ல என்ன யோக்கியதை?

நம் முன்கணக்கின் லட்சணம் தனிக்கதை. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள், 2002இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007 நவம்பர் 23இல் மறுபடி பிரித்தார்கள். எந்த வருடத்துப் புள்ளிவிவரத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று தேடவே அரைநாள் போகும். 2011க்குப் பிறகு முழுமையான மக்கள்தொகைக் கணக்கும் நம் கையில் இல்லை.

இருந்தாலும் அந்த 2011 கணக்கில் ஓர் எண் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அரியலூர் மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 897. பெரம்பலூரில் 913. தமிழ்நாட்டின் சராசரி 943. மொத்த மக்கள்தொகையை எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். அப்படியானால் பிள்ளைகளில் மட்டும் பெண் எங்கே போனாள்?

"இதுக்கும் விழாவுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்கிறீர்கள். நல்ல கேள்வி. பண்பாட்டு விழா எதற்கு என்று மேடையில் என்ன சொல்கிறார்கள்? இளைய தலைமுறையின் மனத்தை வளர்க்க, நாம் யார் என்று நமக்கே உணர்த்த. அப்படியென்றால் மனத்தைத்தான் அளக்க வேண்டும். சோழனின் கடற்படையை நம் பண்பாட்டில் வரவு வைக்கிறவர்கள் அந்த 897ஐ எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள்? குந்தவைக்கும் செம்பியன் மாதேவிக்கும் நாட்டிய நாடகம் போடும் மண்ணில் பெண் பிறப்பது பாரமாக இருந்தால், அந்த நாடகம் யாருக்கு என்ன சொன்னது? பெருமையில் பங்கு கேட்பவன் பாவத்திலும் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டாமா? பாவம் என்று பழைய பழக்கத்தில் எழுதிவிட்டேன். எமன் தண்டிக்க வரப்போவதில்லை. அதனாலேயே இது நம் தலைப்பொறுப்பு.

ஒரு விழாவில் நான் பார்த்தது. ஊர், பெயர் வேண்டாம். மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டர் வண்டிக்கும் வேலிக்கும் இடைப்பட்ட சந்தில் பறைக் குழுவினர் ஒன்பது பேர் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேறினால்தான் நாதம் பேசும். காய்ச்சி, விரலால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்தார்கள். "வி.ஐ.பி. வண்டி இன்னும் வரல" என்று தகவல் வந்தது. தோல் ஆறிப்போனது. மறுபடி வைக்கோல். இப்படி மூன்று தடவை. கடைசியில் வண்டி வந்தது, அவர்கள் அடித்தது ஏழு நிமிடம். காரிலிருந்து இறங்கியவர் கை கூப்பிக்கொண்டே கடந்தார், ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. அறிக்கையில் இது எப்படி வரும்? "பாரம்பரியக் கலைஞர்கள் வரவேற்பு அளித்தனர்." ஒன்பது பேருக்கு வாய்ப்பு என்று எண்ணிக்கையிலும் சேரும். அன்றைக்குப் பேசிய பணம் என்றைக்குக் கைக்கு வந்தது, அடுத்த வாரம் ஊரில் சாவு விழுந்தபோது அதே கைகளை "ஏய், வாடா" என்று கூப்பிட்டார்களா, "வாங்க" என்று கூப்பிட்டார்களா என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. எனக்குத் தெரிந்து ஒரு பண்பாட்டு விழாவின் தாக்கத்தை அளக்க இதைவிடச் சுலபமான கருவி இல்லை. செலவும் இல்லை. விகுதியைக் கவனித்தால் போதும்.

அதே பந்தலில் காலி நாற்காலிகளை நிரப்பச் சீருடையோடு பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்றாள். ஏன் என்று கேட்டேன். கழிப்பறை பூட்டியிருக்கிறதாம். தலைக்கணக்கில் அவளும் ஒரு தலை. "பொதுமக்கள் ஆர்வத்துடன் திரண்டனர்."

அளப்பது என்றால் பண்பாட்டைப் பணமாக்குவதா என்று சண்டைக்கு வருவார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலேயே பதில் இருக்கிறது. ராஜேந்திரன் கங்கை நீரைக் கொண்டுவந்து சோழகங்கம் என்ற ஏரியை அமைத்தான். நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. தோற்றவர்களின் தலையில் நீரைச் சுமக்க வைத்த ஆணவம் அதில் இருக்கிறது, அதை நான் கும்பிட மாட்டேன். ஆனால் தூணாக நட்டது ஏரி ஆயிற்றே! வெற்றித்தூணை வைத்து நெல் விளைவிக்க முடியாது, ஏரியை வைத்து முடியும். அதே ஊரின் மதிலையும் கோபுரத்தையும் பெயர்த்து 1836இல் வெள்ளைக்காரர்கள் அணைக்கரையில் கீழணை கட்டினார்கள். தடுத்த ஊர்க்காரர்களைத் தண்டித்தார்கள், பதிலுக்குச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொல்லி ஏமாற்றினார்கள். அநியாயம்தான். ஆனாலும் அந்தக் கல் கொள்ளிடத்துத் தண்ணீரைத் தடுத்து வயலுக்குத் திருப்பியது. கல்லுக்குக்கூடப் பலன் சொல்ல முடிகிறது, விழாவுக்கு முடியாதா? தூர்ந்த சோழகங்கத்தைச் சீரமைக்க அரசு 2025இல் நிதி அறிவித்தது. எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதை விடுங்கள், ஏரியில் எத்தனை மாதம் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லுங்கள். நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு, ஏரிக்கு ஆழம் உண்டு.

(ஆயிரம் ஆண்டு என்று மார் தட்டுகிறவர்களை ஒருநாள் சாத்தனூருக்குக் கூட்டிப்போக ஆசை. அங்கே கிடக்கும் கல்மரத்துக்கு வயது 12 கோடி ஆண்டு. அது எந்த மன்னனுக்கும் மெய்க்கீர்த்தி பாடாது. சாதியும் கேட்காது.)

சாதி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர் பட்டியல் சாதியினர். பொன்பரப்பியில் 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்று தலித் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் இருக்கும் அதே அரியலூர் மாவட்டம். 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்த விமானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். அடுத்த தெருவை நேராகப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. விழா பெரிதாகப் பெரிதாக வன்முறை குறைகிறதா? தேர் எல்லாத் தெருவுக்கும் போகிறதா? இதை எண்ண விண்கலம் தேவையா?

பொறுப்பு என்ற சொல்லுக்கும் இந்த மண்ணில் ஒரு வரலாறு இருக்கிறது. 1956 நவம்பர் 23 விடியலில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் ரயில் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். தண்டவாளத்தை அவரா பிடுங்கினார்? "விதி" என்று சொல்லியிருந்தால் பாதி நாடு தலையாட்டியிருக்கும். சொல்லவில்லை. தோற்றுப்போன ஒரு விழாவுக்காகப் பதவி விலகச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. "இது நாங்கள் நினைத்தபடி நடக்கவில்லை" என்று ஒரு பக்க அறிக்கை போதும். அப்படி ஓர் அரசு விழா அறிக்கையை நீங்கள் படித்ததுண்டா?

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுகம். நம் ஊர்த் திருவிழாவுக்கு வரலாம். தலைக்கட்டு வரி வாங்குகிறீர்களே, அந்த நோட்டை என்றைக்காவது நிதானமாகப் புரட்டியிருக்கிறீர்களா?

குன்னம் பக்கம் ஓர் ஊரில் எனக்குக் காட்டினார்கள். நீளவாட்டு நோட்டு, அட்டையில் மஞ்சள், சந்தனம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. தெருவாரியாகத் தலைக்கட்டுப் பெயர், எதிரே தொகை, வாங்கியதற்கு அடையாளமாக ஒரு டிக். துபாயிலிருந்து அனுப்பியவர்களுக்குத் தனிப் பக்கம். பந்தல், மைக் செட், கரகாட்டம், வாணவேடிக்கை என்று செலவு பைசா சுத்தமாக இருந்தது. அரசாங்கத்தில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது என்று நானே சொன்னேன். பெரியவர் மகிழ்ந்து சிரித்தார்.

ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் தெரு மட்டும் அதில் இல்லை.

"அவங்கள்ட்ட வரி வாங்கறதில்லீங்களா?"

"கஷ்டப்படுற சனம் தம்பி. அவங்களுக்கு எதுக்குச் செலவு வைக்கணும்னு ஊர்ல விட்டுட்டாங்க."

கருணைதான் என்று தோன்றும். வரி வாங்கினால் முறை கொடுக்க வேண்டும், தேர்வடத்தில் கை வைக்க விட வேண்டும், பரிவட்டத்தில் பங்கு கேட்பார்கள் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அந்தத் தெருவுக்குப் போனேன். சோளத்தட்டையை வெட்டி மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "குடுத்தோம்ங்க சார். மூணு வருசம் பணத்தைக் கையில எடுத்துக்கிட்டுப் போயி நின்னோம். நோட்டுல எழுத மாட்டேன்னுட்டாங்க."