படியா? திண்ணையா?

மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துப் பெற்றோரும் வாலிபரும் அண்மைக் காலமாக நம்மிடம் அடிக்கடி கேட்டு வரும் வினா ஒன்று உண்டு. பிள்ளை நெட்வொர்க்கிங் படித்து டிப்ளோமா வாங்கியிருக்கிறான். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்து, அவ்விணைப்பைக் காத்து நடத்தும் தொழிலில் முன்னேற வேண்டுமென்பது அவனது ஆசை. கைக்குக் கிடைத்திருப்பதோ கஸ்டமர் சப்போர்ட் உத்தியோகம். தொலைபேசியில் வரும் முறையீடுகளைக் கேட்டுப் பதில் சொல்லும் வேலை. "போன் எடுப்பதற்கா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்கிறார் அத்தா. "முதலில் உள்ளே நுழையட்டும், பிறகு தானாக மேலே போவான்" என்கிறார் மாமா. இருவரில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்லிலும் பாதி உண்மை இருக்கிறது என்பதே நம் கருத்து. வீட்டு வாசலில் படியும் உண்டு, திண்ணையும் உண்டு. இரண்டும் வெளியில்தான் இருக்கின்றன. படியில் கால் வைத்தவன் உள்ளே போகிறான். திண்ணையில் அமர்ந்தவன் அங்கேயே பொழுதைக் கழிக்கிறான். இந்த உத்தியோகம் நமக்குப் படியாகுமா, திண்ணையாகுமா என்பதே கேள்வி. அதற்கு விடை காணுமுன் அவ்வேலை எத்தகையது என்று அறிதல் அவசியம்.

1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் தொடங்கப்பட்டதன் பயனாக எழுந்த சைபர்ஜெயாவிலும், தலைநகரைச் சுற்றியுள்ள பிற இடங்களிலும், பன்னாட்டு நிறுவனங்கள் பல தம் சேவை நிலையங்களை அமைத்துக் கொண்டன. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என இரண்டு மூன்று மொழிகள் பேசும் இளைஞர்கள் இங்கே ஒருங்கே கிடைப்பது அதற்கான காரணங்களுள் ஒன்று. அங்கே வேலை பல நிலைகளாகப் பிரிக்கப்படுவது வழக்கம். முறையீட்டை முதலில் கேட்பவர் முதல் நிலை. அவரால் தீராதது இரண்டாம் நிலைக்குப் போகும். அங்கும் தீராதது, ரௌட்டர், சுவிட்ச் முதலிய கருவிகளின் அமைப்பை மாற்றும் அதிகாரமுடைய மூன்றாம் நிலைக்குச் செல்லும். நம் வாலிபர்கள் விரும்புவது இந்த மூன்றாம் இடம், கிடைப்பது முதலிடம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி அட்டையின் பாக்கித் தொகையைச் சொல்லும் வேலைக்கும் கஸ்டமர் சப்போர்ட் என்றே பெயர். இன்டர்நெட் இணைப்பு அறுந்தவரின் முறையீட்டைக் கேட்கும் வேலைக்கும் அதே பெயர்தான். முன்னதில் பத்தாண்டு இருந்தாலும் நெட்வொர்க்கைப் பற்றி ஓர் எழுத்தும் விளங்காது. பின்னதில் நாள்தோறும் பாடம் வந்து கொண்டேயிருக்கும். ஆகவே உத்தியோகத்தின் பெயரையும் சம்பளத்தையும் மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. எத்தகைய முறையீடுகள் வரும் என்பதை விசாரிக்க வேண்டும்.

"இன்டர்நெட் வரவில்லை" என்று ஒருவர் கூப்பிடுகிறார். நிறுவனம் கொடுத்த குறிப்பில், "கருவியை அணைத்து மீண்டும் போடச் சொல்" என்று எழுதியிருக்கிறது. அப்படியே சொல்லி, அது பலித்ததும் அடுத்த அழைப்புக்குப் போவோர் உண்டு. அணைத்துப் போட்டால் ஏன் பலிக்கிறது என்று கேட்பவரும் உண்டு. கணினியின் விலாசம் 169.254 என்று தொடங்கினால், விலாசம் வழங்கும் டிஎச்சிபி சேவையிடமிருந்து அதற்கு ஒன்றும் வந்து சேரவில்லை, கணினி தானாகவே ஒரு விலாசத்தை இட்டுக்கொண்டது என்று பொருள். மறுபடி போடும்போது அது புதிதாக விலாசம் கேட்கிறது. 1983இல் மைக் மூஸ் என்பவர் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரலைக் கொண்டு ஓர் எண் விலாசத்துக்குச் செய்தி அனுப்பினால் பதில் வருகிறது, பெயரைத் தட்டினால் மட்டும் பக்கம் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் பாதை சரியாயிருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் குறை தேட வேண்டும். ஒரே நாற்காலி, ஒரே சம்பளம். ஒருவர் அழைப்புகளை எண்ணுகிறார், மற்றவர் தொழிலைக் கற்கிறார்.

இது நம் சமூகத்துக்குப் புதிய செய்தியன்று. 1863இல் எழுந்த பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த இக்கடைத்தெருவில், ஊரிலிருந்து சபர் வந்த பையன்கள் துணி மடித்தும் கடை கூட்டியும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். துணி மடித்ததாலேயே எவரும் முதலாளி ஆகிவிடவில்லை. சரக்கு எங்கிருந்து வருகிறது, என்ன விலைக்கு விழுகிறது, கடன் யாருக்குக் கொடுக்கலாம் என்பவற்றைக் கண்ணும் காதும் திறந்து கவனித்தவர்களே பிற்காலத்தில் தனிக்கடை வைத்தார்கள். பிற நாட்டிலும் இப்படித்தான். எஃகு வணிகத்தில் பெரும் செல்வரான ஆண்ட்ரூ கார்னகி 1849இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக இருந்தவர். கருவியின் ஒலியைக் காதால் கேட்டே செய்தியைப் புரிந்துகொள்ளப் பழகியதால் தந்தி இயக்குநராக உயர்ந்தார். ஆயின், தந்தி சுமந்த பையன்கள் எல்லாரும் கார்னகி ஆனார்களா? உயர்ந்தவரின் கதை மட்டுமே நம் காதுக்கு எட்டுகிறது. அதைச் சொல்லிப் பிள்ளைகளை எந்த வேலைக்கும் தள்ளிவிடுவது நியாயமாகாது.

இனி, இவ்விஷயத்தில் அடங்கியுள்ள தர்மப் பிரச்சினைக்கு வருவோம். ஒரு வேலையை அடுத்த வேலைக்குப் படியாக மட்டும் கருதி ஏற்பது முறையா?

"ஓராண்டில் போகப் போகிறேன், இதில் ஏன் உயிரை விட வேண்டும்?" என்று கூறும் வாலிபர்களைக் காண்கிறோம். மறுமுனையில் இருப்பவரோ, கடை அட்டைக் கருவி வேலை செய்யாமல் வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டு தவிக்கும் ஒரு வியாபாரியாக இருக்கலாம். அவர் யாருடைய படியும் அல்லர். வாங்கும் சம்பளம் இன்றைய வேலைக்குக் கொடுக்கப்படுவது. ஆதலால் அந்த வேலை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாளை போகப் போகிறோம் என்பதால் இன்றைய அமானிதம் குறைந்துவிடாது.

அதே சமயம், போக விரும்புவது துரோகமும் ஆகாது. முதலாளி வாங்கியது நேரத்தை, ஆயுளை அன்று. "இங்கே சேர்ந்தால் மேலே வரலாம்" என்று ஆசை காட்டிச் சேர்த்துக்கொண்டு, நன்றாகப் பதில் சொல்கிறான் என்பதற்காகவே ஒருவனை அந்த நாற்காலியை விட்டு எழவிடாத இடங்களும் உண்டு. அமானிதம் ஒருபக்கக் கடமை அன்று. வாக்குக் கொடுத்தவரையும் அது கட்டும்.

இதைவிடக் கடினமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. இவ்வேலையில் ஒவ்வோர் அழைப்புக்கும் நேரம் கணக்கிடப்படுகிறது. நின்று ஆராய்ந்தால் கற்கலாம். ஆனால் வரிசையில் காத்திருப்பவர் இன்னும் காத்திருப்பார், மேலாளரும் கேள்வி கேட்பார். விரைந்து முடித்தால் மதிப்பெண் கிடைக்கும். அறிவு வளராது, சில வேளை குறையும் தீராது. இதற்கு முழுத் தீர்வு கிடையாது. குறையை உள்ளபடி எழுதி மேல்நிலைக்கு அனுப்பிவிட்டு, அது எப்படித் தீர்ந்தது என்பதைப் பின்னர் தேடிப் படிப்பதே நாம் காணும் வழி. அதற்கான நேரத்தை நம் ஓய்விலிருந்துதான் எடுக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி வாரத்துக்கு 48 மணியாயிருந்த வேலை நேர உச்சம், 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைந்திருக்கிறது. மிஞ்சும் அந்த மூன்று மணி நேரமாவது படிப்புக்குப் போகட்டும்.

ஆகவே, வேலையில் சேருமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுமாறு வாலிபர்களுக்குச் சொல்வோம். இந்த இடத்திலிருந்து நெட்வொர்க் பகுதிக்குச் சென்ற ஆண்டில் எத்தனை பேர் போனார்கள்? மேல்நிலையில் முறையீடு எவ்வாறு தீர்க்கப்பட்டது என்பதை முதல் நிலையார் பார்க்க முடியுமா? தேர்வுக்குப் படிக்க ஷிஃப்ட் மாற்றிக் கொடுப்பார்களா? கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பதில் மழுப்பலாயிருந்தால் அது திண்ணை என்று தெரிந்துகொள்ளலாம். சேர்ந்த பிறகு ஒரு தவணையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை ஆண்டில் கையில் புதுத் தொழிலும் இல்லை, மேலே வழியும் இல்லை என்றால் வேறிடம் தேடுவதே முறை.

சிறு நிறுவனமொன்றில் குறைந்த சம்பளத்துக்குக் கேபிள் இழுத்து, ரேக்கில் சுவிட்சைப் பொருத்தும் வேலை கிடைத்தால்? குடும்பச் செலவு தாங்குமானால், கருவியைக் கையால் தொடும் அந்த வேலையையே நாம் முன்வைப்போம். அத்தாவின் கடைக் கடனும் படிப்புக் கடனும் கழுத்தை இறுக்கும் வீட்டில், கூடுதல் சம்பளத்துக்காகத் தொலைபேசி வேலையை ஏற்பது இழிவன்று. தம்பி தங்கையின் பள்ளிச் செலவைத் தாங்குவதும் முன்னேற்றமே. சிஸ்கோ நிறுவனத்தின் சிசிஎன்ஏ தேர்வு இரண்டு மணி நேரத் தேர்வு. கட்டணம் 300 அமெரிக்க டாலர். பயிற்சிக்கான பாக்கெட் டிரேசர் மென்பொருளோ இலவசமாகக் கிடைக்கிறது. சம்பளத்தில் சிறிது ஒதுக்கினால் கட்டணம் எட்டாத தொகையன்று.

நம் சமூகத்தாருக்கும் இதில் பங்குண்டு. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் பிள்ளையைப் பகலில் தூங்க விடாமல் கடைக்கு அனுப்புகிறோம். நெட்வொர்க் படித்த பெண் பிள்ளையிடம் "போன் எடுக்கிற வேலைதானே" என்று ஏளனம் பேசுகிறோம். கடையில் வைஃபை வைக்கவும், கேமரா மாட்டவும், கிளைக் கடையைத் தலைமைக் கடையோடு இணைக்கவும் வெளியாளுக்குப் பணம் கொடுக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை என்றால், "கொஞ்சம் பார்த்துக் கொடு தம்பி" என்று சும்மா வேலை வாங்குகிறோம். அவ்வேலையை முறையாக ஒப்படைத்து, கூலியும் கொடுத்து, செய்தான் என்று கடைத் தாளில் ஒரு சான்றும் எழுதிக் கொடுத்தால் என்ன? தொலைபேசி வேலையில் இருந்தபடியே கருவியைத் தொட்ட அனுபவமும் அவனுக்குச் சேர்ந்துவிடுமன்றோ?

கஸ்டமர் சப்போர்ட் வேலை நெட்வொர்க்கிங் துறைக்கு இட்டுச் செல்லுமா என்றால், செல்லக்கூடும் என்பதே நம் விடை. வரும் முறையீடு தொழிலைச் சார்ந்ததாக இருக்க வேண்டும். கூப்பிடுபவரின் குறையைத் தன் குறையாக எண்ணி அதன் காரணத்தைத் தேடும் மனம் வேண்டும். குறித்த தவணையில் எழுந்து நடக்கும் துணிவும் வேண்டும். இம்மூன்றில் இரண்டாவதைக் கைவிட்டவர் மேலே போனாலும் கற்றுக்கொண்டு போகமாட்டார். மூன்றாவதைக் கைவிட்டவர் கற்றும் அங்கேயே இருந்துவிடுவார். பெற்றோரும் பிள்ளைகளும் கூடி அமர்ந்து, சம்பளத் தொகையோடு இவற்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்து முடிவு செய்வார்களாக.