இன்மையை அறிவது யாது?

சில்லாண்டுகட்கு முன் யான் என் மனைக்கிழத்தியை இழந்த ஞான்று, எல்லாம் பாழ் என்னும் எண்ணமொன்றே நெஞ்சில் நின்றது. சித்தாந்த நூல்களை ஆசிரியர்பாற் கேட்டுப் பிறர்க்கும் உரைத்து வந்த எனக்கே அந்நிலை எய்திற்றாயின், ஏனையோர்க்கு எய்துதல் வியப்பன்று. ஆதலின் அவ்வெண்ணத்தை ஈண்டு ஆராய்வாம்.

பிறர் கொள்கையை அதன் வலி குன்றாது எடுத்துரைத்தல் முறையாகும். மாத்தியமிகருள் தலைவராகிய நாகார்ச்சுனர், யாதும் இல்லையென வாளா கூறினாரல்லர். பொருள்கள் பிறிதொன்றைச் சார்ந்தே தோன்றுதலின், அவற்றிற்குத் தமக்கென ஓர் இயல்பின்று. அவ்வியல்பின்மையே சூனியம் என்பது அவர் கருத்து. முழு இன்மையை அவரும் உடன்பட்டிலர். மேல்நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் நீட்சே என்பார் ஆராய்ந்த இன்மைவாதமோ வேறு. உயர்ந்தனவெனப் போற்றப்பட்டன எல்லாம் மதிப்பிழப்ப, வாழ்வு குறிக்கோளின்றி நிற்றலை அது குறிக்கும். துயருற்றார் உள்ளத்தெழும் பாழ் பெரும்பாலும் இதுவே.

இவற்றிற்கு விடை யாது? உயிருண்மையை நிறுவப் புகுந்த மெய்கண்டதேவர், சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்துள், இல்லையென விலக்கும் அறிவையே முதலேதுவாக வைத்தருளினார். விளக்கவிந்த அறையுட் புகுந்தானொருவன், உள்ளே ஒன்றுமில்லையெனப் புறத்தார்க்குக் கூறுவானாயின், அவன் ஆண்டுண்மை அவன் கூற்றானே பெறப்படும்.

அற்றேல், அவ்வறிவும் பிறிதொன்றைச் சார்ந்ததன்றோவெனின், நன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பதே நம் கொள்கையும். ஆயினும், சார்தல் என்றமையானே சார்வதும் சாரப்படுவதும் உளவாதல் வேண்டும். கொழுகொம்பைச் சார்ந்தது பற்றிக் கொடி இல்பொருளாகாது. கண் இருளிற் படிந்துழி ஒன்றுங் காணாது. அதுபற்றிக் கண்ணே இல்லையென்பார் யாருமிலர். ஆணவ இருளிற் பட்ட உயிர் பாழைக் காண்டலும் அத்தன்மைத்தே.

முத்தியினும் உயிர் கெடுவதன்று. தாளுந் தலையும் புணர்ந்து தாடலையென ஒரு சொன்னீர்மைத்தாயினும் இரண்டும் உளவாதலை உமாபதிசிவம் திருவருட்பயனுள் உவமையாக்கினார். ஆண்டுக் கெடுவது யான், எனது என்னுஞ் செருக்கே என்க.

துயருற்ற அந்நாட்களுள் ஒரு வைகறையில், நீராடித் திருநீறணிந்து பூசைக்கு அமர்ந்தேன். மலர் தொடுத்துத் தந்த கை இன்றில்லை என்பதை என்னுள் ஒன்று அறிந்தது. அறிந்த அது பாழன்று. அன்பைச் சார்ந்து நின்ற உயிரே எனத் தெளிந்தேன். உலகச் சார்பு நீங்கும். சார்ந்த உயிர் ஒழியாது. நீங்காத சார்பு திருவருளொன்றே. அதனைச் சார்ந்து உய்வோமாக.

திருச்சிற்றம்பலம்.