மாணவனாகாமல் போதகனாக முடியுமா?

பாவசங்கீர்த்தனத்துக்கு நடுவில் ஒரு துபாஷியை நிறுத்துவது எவ்வளவு சங்கடம் என்பதை, 1540களில் முத்துக்குளித்துறைக்கு வந்த இயேசு சபைக் குருக்கள் நேரில் கண்டார்கள். ஒருவர் தம் மனத்தை அரிக்கும் குற்றத்தைக் குருவின் காதில் சொல்ல வருகிறார். குருவுக்குத் தமிழ் தெரியாது. ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று, அதைக் கேட்டு, போர்ச்சுக்கீசிய மொழியில் சொல்ல வேண்டும். யார் வாய் திறப்பார்கள்?

அந்தக் கடற்கரையின் பரதவர்கள் 1530களின் பிற்பகுதியிலேயே ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். போர்ச்சுக்கீசியக் கடற்படையின் பாதுகாப்பு கிடைக்கும் என்பது அதற்கு முக்கியமான காரணம். தாங்கள் எதை ஏற்றுக்கொண்டோம் என்பதை அவர்களுடைய பேச்சில் விளக்கிச் சொல்லத்தான் ஆளில்லை. 1542இல் வந்த புனித சவேரியார், தமிழறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அந்த உழைப்பு பெரிது. ஆயினும் மனப்பாடமான செபத்தைச் சொல்லித்தர முடியுமே தவிர, அதைக் கொண்டு எதிரில் நிற்பவரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

அவருக்குப் பின் 1546இல் இந்தியாவுக்கு வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் வேறு வழியில் போனார். புன்னைக்காயலில் தங்கி இலக்கண முறையாகத் தமிழ் பயின்றார். சில ஆண்டுகளுக்குள் தமக்குப் பின்னால் வருபவர்களுக்காகப் போர்ச்சுக்கீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணமும் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம்தான். இந்திய எழுத்தில் இந்தியாவில் அச்சேறிய முதல் நூல் என்ற பெருமை அதற்கு உண்டு. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு தமிழ் நூலைக் கொச்சியில் அச்சிட்டார். 1600இல் இறக்கும்வரை, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் அவர் கடற்கரை மக்களோடு வாழ்ந்தார்.

மிஷனரி மொழி கற்பதைப் பெரும்பாலும் ஓர் ஆயத்த வேலையாகவே எண்ணுகிறோம். மொழி படித்தாகிவிட்டது, இனி ஊழியம் தொடங்கலாம் என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கிறோம். அப்படிப் பிரிக்க முடியுமா? சத்தியம் தன்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்க வந்திருக்கிறேன் என்ற நிச்சயத்தோடு ஒருவர் கப்பலேறி வருகிறார். வந்து இறங்கியதும் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாதவராக நிற்கிறார். ஐந்து வயதுப் பிள்ளை அவருடைய உச்சரிப்பைத் திருத்துகிறது. கொடுக்க வந்தவர் வாங்க வேண்டியவராகிறார். இந்தத் தலைகீழ் மாற்றம் அவருடைய விசுவாசத்துக்கு என்ன செய்கிறது என்பது சமயம் சார்ந்த கேள்வி. மொழியியலால் அதற்கு விடை சொல்ல முடியாது.

கிறிஸ்தவத்துக்கு இந்தக் கேள்வி பிறவியிலேயே உண்டு. இயேசு பேசியது அரமேயம். அவருடைய வாழ்வையும் வாக்கையும் சொல்லும் நான்கு சுவிசேஷங்களும் நமக்குக் கிரேக்கத்தில்தான் கிடைத்திருக்கின்றன. தங்கள் மீட்பருடைய சொற்களை, அவர் சொன்ன மொழியில் ஓரிரு வாக்கியங்கள் நீங்கலாக, இந்த மதத்தார் பாதுகாத்து வைக்கவில்லை. அரபு மொழிக் குர்ஆன் இஸ்லாமியருக்கு எப்படியோ, வேத ஓசை வைதிகருக்கு எப்படியோ, அப்படி ஒரு மூலமொழிப் புனிதம் இங்கே வேரூன்றவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பல நாட்டார் கூடியிருந்தபோது, ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் செய்தியைக் கேட்டதாகவே அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. காம்பியாவில் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான வரலாற்றறிஞர் லாமின் சானே இந்தக் கருத்தை விரிவாக ஆராய்ந்தார். உள்ளூர் மொழியை மிஷனரிகள் ஏற்றுக்கொண்ட கணத்திலேயே அதிகாரத்தில் ஒரு பகுதி உள்ளூராரின் கைக்குப் போய்விடுகிறது என்று அவர் வாதிட்டார். எது சரியான சொல் என்று தீர்ப்புச் சொல்லக்கூடியவர் தாய்மொழிக்காரர்தானே!

இதற்குத் தரங்கம்பாடியைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய புரொட்டஸ்டண்ட் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9ஆம் தேதி அங்கே வந்து சேர்ந்தார்கள். இருவரும் ஜெர்மானியர்கள். சீகன்பால்குவுக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. அரசரின் கடிதம் கையில் இருந்தும் டேனிஷ் தளபதி ஹாசியஸ் அவர்களை வேண்டாத விருந்தாளிகளாகவே நடத்தினார். டேனிஷ் வணிகக் கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். உள்ளூராரோடு நெருங்கிப் பழகும் பாதிரியார்கள் அதற்கு இடைஞ்சல். பின்னாளில் அதே தளபதி சீகன்பால்குவை நான்கு மாதம் கோட்டையில் சிறைவைத்தார். ஆக, ஐரோப்பியக் கொடியின் கீழ் வந்திறங்கியவருக்கு ஐரோப்பியரின் ஆதரவு இல்லை. ஊராரிடம்தான் போக வேண்டியிருந்தது.

துறைமுகத்தில் புழங்கிய போர்ச்சுக்கீசிய மொழியை முதலில் இருவரும் கற்றார்கள். புளுட்சோ அதிலேயே ஊழியத்தைத் தொடர, சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். வயதான ஓர் உபாத்தியாயரை வேண்டி, அவருடைய பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு வரவழைத்தார். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, விரலால் மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்த ஒருவர், அரிச்சுவடிப் பிள்ளைகளின் வரிசையில் கடைசியாகச் சேர்ந்த மாணவராக உட்கார்ந்திருந்தார். உபாத்தியாயருக்கு ஐரோப்பிய மொழி எதுவும் தெரியாததால் எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. பொருளைச் சொல்லக் கம்பெனியில் முன்பு துபாஷியாக இருந்த அழகப்பன் வந்தார். போர்ச்சுக்கீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு என்று பல மொழி பேசிய இந்த மனிதர் இல்லையென்றால், சீகன்பால்குவின் தமிழ் அந்த மணலோடு நின்றிருக்கும்.

அவர் எப்படிப் படித்தார் என்பதற்கு அவருடைய கடிதங்களே ஆதாரம். காலை ஏழிலிருந்து எட்டுவரை முன்பு எழுதிவைத்த சொற்களையும் சொற்றொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பார். எட்டிலிருந்து பன்னிரண்டுவரை, அதுவரை படிக்காத தமிழ்ச் சுவடிகளைப் படிப்பார். அருகில் ஒரு வயதான புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள்; புலவர் பொருள் சொல்ல, எழுத்தர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துவரை மறுபடியும் படிப்பு. இரவு ஏழு மணிக்கு மேல் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காக வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் காதால் கேட்பார். எட்டு மாதத்தில் தமிழில் படிக்கவும் எழுதவும் பேசவும் வந்துவிட்டது என்று ஊருக்கு எழுதினார்.

சுவடி தேடி ஆள் அனுப்பினார். கணவரை இழந்த பெண்களிடமிருந்து விலைக்கு வாங்கினார். 1708இல் தம் நூலகத்துக்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியலில் தொல்காப்பியம், திருக்குறள் உள்ளிட்ட 119 தமிழ் நூல்களைப் பற்றிய குறிப்புகள் இருக்கின்றன. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள் உரக்கச் சொல்லிப் பழகிய நீதி நூல்களை, வேத வசனத்தைப் போதிக்க வந்தவர் தம் நாட்டாருக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தார் என்பதை நின்று யோசிக்க வேண்டும். தமிழர்களை நாகரிகமற்றவர்கள் என்று ஐரோப்பாவில் நினைக்கிறார்கள், மொழி தெரியாத காரணத்தால்தான் அப்படி நினைக்கிறார்கள், வந்த புதிதில் தமக்கும் அதே எண்ணம் இருந்தது என்ற கருத்தில் அவர் எழுதியிருக்கிறார்.

இவரைக் குறையில்லாதவராகக் காட்டினால் அது பொய்யாகும். வந்த தொடக்க காலத்தில் ஒரு கோவிலில் இருந்த மண் உருவங்கள் சிலவற்றை அவர் உடைத்தார். அதைத் தாமே எழுதியும் வைத்தார். அங்கிருந்த ஓர் உபாத்தியாயர் அவரோடு வாதிட்டு, இவை கடவுள் அல்ல, கடவுளின் படைவீரர்கள் என்று விளக்கினாராம். அந்தச் செயலுக்கு மன்னிப்பு இல்லை. அறியாமை அதற்குச் சமாதானமும் ஆகாது. ஆனால் அதே மனிதர் 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி முடித்தபோது, ஐயனாரும் மாரியம்மனும் எல்லம்மனும் அதில் தத்தம் பெயரோடும் வழிபாட்டோடும் பொறுமையாக விவரிக்கப்பட்டார்கள். ஓங்கிய கைக்கும் எழுதிய கைக்கும் இடையில் நடந்தது சில ஆண்டுகள் தமிழ் படித்ததுதான்.

அந்த நூல் ஹாலேக்குப் போனது. அவருடைய ஆசானான பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் மிஷனரிகளை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்பது அவர் நிலை. 154 ஆண்டுகள் கழித்து, 1867இல் சென்னையில்தான் அது அச்சேறியது. பிராங்கேயின் பயம் காரணமற்றது என்று சொல்லிவிட முடியாது. அடுத்தவர் நம்பிக்கையை அவர் மொழியிலேயே கற்றவர் பழையபடி எளிதாக இகழ மாட்டார் என்பதை அவர் சரியாகவே ஊகித்தார். பயந்ததில்தான் பிழை. அறிந்தால் தளர்ந்துவிடும் என்று அஞ்சுகிற விசுவாசம் ஏற்கெனவே தளர்ந்த விசுவாசம். சீகன்பால்கு தம் கிறிஸ்துவை விட்டுவிடவில்லை. இந்திய மொழி ஒன்றில் முதன்முதலில் அச்சான புதிய ஏற்பாடு, 1714–15இல் தரங்கம்பாடியில் வெளிவந்த அவருடைய தமிழாக்கம்தான்.

அவர் செய்த இன்னொரு காரியம் இன்னும் துணிச்சலானது. சமயம், சடங்கு, மருத்துவம், கிறிஸ்தவர்களைப் பற்றிய எண்ணம் என்று பலவற்றைக் குறித்துத் தமிழர்களிடம் கேள்வி கேட்டு, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். ஐரோப்பியர் குடிப்பதையும் சுத்தம் பேணாததையும் கிறிஸ்தவர்களின் நடத்தையையும் அந்தப் பதில்கள் கடுமையாகக் கண்டித்தன. அந்தக் கண்டனங்கள் ஹாலேயில் அச்சாகி, மிஷனுக்குக் காணிக்கை கொடுத்தவர்களின் வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தன. கேட்கக் கற்றவருக்கு மட்டுமே இது முடியும்.

மதமாற்றமே நோக்கமாக இருக்கும்போது மொழிப்பற்றைப் போற்றலாமா, எதிராளியை வெல்லத்தானே அவருடைய மொழியைப் படித்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நோக்கம் அதுதான் என்பதை அவர்களே மறைக்கவில்லை. ஆனால் படிக்கத் தொடங்கிய காரணமும் படித்தபின் நேர்ந்ததும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நூலகப் பட்டியலும் உலக நீதி மொழிபெயர்ப்பும் ஒருவரை மதம் மாற்ற உதவாதவை. அவை மதிப்பினால் பிறந்தவை.

இதைவிட முக்கியமான குறை வேறிடத்தில் இருக்கிறது. ஓர் ஊரில் வேரூன்றுகிறவர் அந்த ஊரின் அநீதியையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறார். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார், காவி உடுத்தார், மரக்கறி உண்டார். அவருக்கு முன்பே மதுரையில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் அதை எதிர்த்து முறையிட, வழக்கு உரோமைவரை போய், 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் ஓரளவு அனுமதி கிடைத்தது. தமிழ் உரைநடைக்கு நோபிலி தந்த கொடை மறக்கக்கூடாதது. ஆனால் உயர்சாதியினரை ஈர்ப்பதற்காக அவர் கடைப்பிடித்த வாழ்முறை, ஒடுக்கப்பட்டோரிடமிருந்து விலகி நிற்பதையும் உள்ளடக்கியிருந்தது. தரங்கம்பாடியும் இதில் தப்பவில்லை. சீகன்பால்கு 1719இல் 36 வயதில் இறந்தபின், 1733இல் ஆரோன் முதல் தமிழ்ப் புரொட்டஸ்டண்ட் குருவாகப் பட்டம் பெற்றார், அவர் வேளாளர். 1741இல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது, தகுதி நிறைந்த உபதேசியார் இராஜநாயக்கன் பறையர் என்பதால் ஒதுக்கப்பட்டு, தியோகு குருவானார். மொழியை இலக்கணத்தோடு கற்றவர்கள், அதைப் பேசியவர்களுக்கிடையே இருந்த சாதிச் சுவரை அசைக்கத் துணியவில்லை. ஊரோடு ஒன்றுவது நற்செய்தியின் கட்டளையென்றால், ஊரின் கொடுமைக்கு உடன்படாமல் இருப்பதும் அதே நற்செய்தியின் கட்டளை. முதலாவதில் அவர்கள் தேறினார்கள்; இரண்டாவதில் தவறினார்கள்.

இன்னொரு கடன் இன்றுவரை தீராமல் கிடக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்குச் சிலை உண்டு, அருங்காட்சியகமும் உண்டு. அழகப்பன் என்ன ஆனார் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? மிஷனரிக்கு உதவியதற்காகத் தளபதியின் கோபத்துக்கு ஆளாகி, ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டவர் அவர். ஹாலேயில் அச்சான தமிழர்களின் பதில் கடிதங்களில் பலவற்றை எழுதியவர் அவரே என்று கருதும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மணலில் எழுதச் சொல்லித்தந்த உபாத்தியாயர், காலை முழுவதும் சுவடிக்குப் பொருள் சொன்ன புலவர், சொற்களைக் குறித்துக்கொண்ட எழுத்தர் ஆகியோர் நமக்கு வெறும் தொழிற்பெயர்களாகவே நிற்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு எழுதும் சபைகளும் பாடநூல் எழுதும் அறிஞர்களும் இனியாவது அழகப்பனுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்க வேண்டும். பெயர் கிடைத்த ஆசிரியர்களின் பெயர்களைச் சீகன்பால்குவின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும்.