கேட்காமல் எறியலாமா?

மழை ஓய்ந்து உறைபனி விழத் தொடங்கியதும் நம் மலைநாட்டு வீடுகளில் ஒரு பெரிய வேலை ஆரம்பமாவதை எல்லாரும் அறிவோம். மாதக்கணக்காக ஈரத்தில் கிடந்த கம்பளிகளிலும் தோல் செருப்புகளிலும் பூஞ்சணம் பூத்திருக்கும். பகலில் வெயில் அடிக்கும் இந்த நாட்களில் அவற்றை வெளியே உலர்த்தி, சுவருக்கு வெள்ளையடித்து, கிறிஸ்துமஸுக்கு முன்னாவது, தவறினால் போகிக்கு முன்னாவது வீட்டை ஒழுங்குபடுத்துகிறோம். நல்ல வழக்கந்தான். ஆயினும் சில வீடுகளில் இந்த வேலை வருஷந்தோறும் ஏச்சிலும் அழுகையிலும் முடிகிறது. அவற்றுள் ஒன்று என் வீடு.

என் மகனுக்கு ஏ.டி.எச்.டி. என்னும் கவனக் குறைபாடு இருக்கிறதென்று வைத்தியர் சொன்னபோது அவனுக்குப் பத்து வயது. அதற்கு முன் நாங்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் சோம்பேறி. அலமாரியை அடுக்கு என்றால் மறுக்காமல் போவான். முதல் தட்டிலே ஒரு பழைய பத்திரிகை அகப்படும். அரை மணி கழித்துப் பார்த்தால் தரையெல்லாம் சாமான். நடுவில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பான். ஒரு வருஷம் போகிக்கு முந்திய நாள், அவன் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், அவன் கட்டிலடியில் இருந்ததையெல்லாம் சாக்கில் அள்ளி எறிந்துவிட்டேன். உடைந்த ரேடியோ, கம்பித் துண்டுகள், யூகலிப்டஸ் காய்கள்: என் கண்ணுக்கு எல்லாம் குப்பை. சாயந்தரம் வந்தவன் அழவில்லை. ஆனால் அன்று முதல் எது கிடைத்தாலும் தலையணை உறைக்குள் ஒளித்துவைக்கத் தொடங்கினான்.

வீடு சுத்தமாயிற்று. நான் செய்தது நியாயந்தானா?

தகப்பனுக்கு அதிகாரம் உண்டு, வீடு எல்லாருக்கும் பொது, இரண்டே அறையுள்ள லைன் வீட்டில் ஒருவன் சாமான் இடத்தை அடைத்தால் மற்றவர் எங்கே படுப்பது என்றெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். வாதம் பொய்யல்ல. ஆனால் அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்ற நினைப்பின் மேல்தான் அது நின்றது. சோம்பல் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் படித்தோம். அறிந்தும் மனம் சம்மதித்தும் செய்தாலன்றிச் சாவான பாவமாகாது என்பதையும் அங்கேதான் படித்தோம். முந்தியது நினைவில் நிற்பதுபோல் பிந்தியது நிற்பதில்லை.

வைத்தியர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1902ல் ஜார்ஜ் ஸ்டில் என்ற லண்டன் வைத்தியர், புத்தி மட்டில்லாத பிள்ளைகள் சிலரிடம் காணும் அடங்காமையைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அழைத்தார். எனினும் காரணம் உடற்கூற்றில் இருக்கக்கூடும் என்றும் கருதினார். அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் ஏட்டில் கவனக் குறைபாடு என்ற பெயர் வந்தது 1980ல். இப்போதைய பெயர் 1987ல். இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்டுச் செய்த ஆராய்ச்சிகள் இதில் பரம்பரையின் பங்கு மிகப் பெரிதென்று காட்டுகின்றன. ஆகையால் பிள்ளையைத் திட்டுகிறவருக்கே அந்தக் குறை இருப்பது அபூர்வமல்ல. நானும் ஒரே வருஷத்தில் மூன்று தடவை மின்கட்டண ரசீதைத் தொலைத்தவன்தான். என்னை யாரும் ஏசவில்லை. காலையில் கொழுந்து பறிக்கப் போய்ச் சாயந்தரம் திரும்பும் மருமகளின் வீடு அப்படிக் கலைந்து கிடந்தால் விடுவார்களா?

அப்படியானால் குப்பையோடே வாழ்வதா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கே தொடங்குவது, அடுத்தது எது என்பதை மனதில் பிடித்து நிறுத்துவதே இவர்களுக்குப் பெரும் பிரயாசை. வீட்டைச் சுத்தம் செய் என்பது அவர்கள் காதில் ஒரு வேலையாக விழுவதே இல்லை. இந்தத் தட்டு மட்டும், கால் மணி நேரம், கடிகார மணி அடிக்கும் வரை என்றால் விழுகிறது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சும்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாலும் துணையாகும். மூடிய பெட்டிக்குள் போனது அவர்கள் நினைவை விட்டும் போய்விடுவதால் திறந்த கூடையும், சுவரில் ஆணியும், பெயர் எழுதி ஒட்டிய சீட்டும் நல்லது. வைப்பதா எறிவதா என்று தெரியாததை ஒரு சாக்கில் கட்டி, தேதி எழுதி, அடுத்த மழை முடியும் வரை பரணில் போடலாம். (கிழிந்த ஸ்வெட்டரைத் தானம் என்று கொடுப்பதும், பிளாஸ்டிக்கைப் போகித் தீயில் போடுவதும் சுத்தமாகாது, அது வேறு கட்டுரைக்குரிய விஷயம்.)

1964ஆம் வருஷ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நம் மலையில் அநேகம். அத்தகைய வீட்டில் பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் வைத்த தகரப் பெட்டியைப் பாட்டி யாரையும் தொடவிடமாட்டார். அந்தக் காகிதமும் சிறுவனின் உடைந்த ரேடியோவும் ஒன்றாகுமா? மதிப்பில் ஒன்றல்ல. கேட்காமல் எடுத்தால், எடுப்பது இரண்டிலும் ஒன்றே.

இந்த வருஷம் அவனோடு நானும் கட்டிலடியில் உட்கார்ந்தேன். மூன்று சாயந்தரம் பிடித்தது. எங்கிருந்தோ கொண்டுவந்த இன்னொரு ரேடியோ அங்கே கிடந்தது. “இது?” என்றேன். வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கரிலிருந்த காந்தத்தை மட்டும் கழற்றிக்கொண்டு மிச்சத்தைத் தன் கையாலேயே சாக்கில் போட்டான்.

“உங்க ரசீதுப் பெட்டியை எப்பப்பா எடுக்கப் போறீங்க?” என்று கேட்டான். நாளைக்கு அவன் பக்கத்தில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான்.